வெள்ளை போர்டில் ஜெட் விமானம் வாங்கலாமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 53. தம்பியோடு சேர்ந்து பனியன் ஏற்றுமதி கம்பெனி நடத்துகிறார். பிரைவேட் லிமிடெட், அண்ணன் தம்பிக்கு ஆளுக்குப் பாதிப் பங்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ராஞ்சி பக்கத்தில் இரண்டாவது தொழிற்சாலை போட்டார்கள். மாதம் மூன்று நான்கு முறை அங்கே போக வேண்டியிருக்கிறது. கோவையிலிருந்து நேர் விமானம் கிடையாது. எங்காவது மாறித்தான் போக வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று போய்விடுகிறது. இது தவிர மும்பை, டெல்லி, வருஷத்துக்கு இரண்டு முறை துபாய்.

துபாயில் இருக்கும் ஒரு தரகர் அமெரிக்காவில் ஒரு விமானம் காட்டியிருக்கிறார். செஸ்னா சைட்டேஷன் மஸ்டாங், 2012இல் செய்தது, 2,900 மணி நேரம் பறந்தது. விலை 22 லட்சம் டாலர்; நம் காசுக்கு 19.5 கோடி என்று வாசகர் கணக்குப் போட்டிருக்கிறார். பத்து நாளில் பத்து சதவீத முன்பணத்தைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார் தரகர்.

திட்டம் இதுதான். கம்பெனி பெயரில் தனியார் விமானமாகப் பதிவு செய்வது. கட்டும் ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வது. வரி ரொம்ப அதிகம் என்றால் அமெரிக்கப் பதிவை மாற்றாமலே கோவையில் நிறுத்திக்கொள்வது. இது தரகர் சொன்ன யோசனை. விமானம் சும்மா நிற்கும் நாட்களில் நண்பர்கள் நாலைந்து பேர் எரிபொருள் காசை மட்டும் கொடுத்துவிட்டு எடுத்துப் போவார்கள். 24 வயது மகனுக்கு பிபிஎல், அதாவது சொந்த உபயோகத்துக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ் இருக்கிறது, 90 மணி நேரம் ஓட்டியிருக்கிறார். கொஞ்ச நாளில் அவரே ஓட்டிவிடுவார். தம்பி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கடிதத்தின் கடைசி வரி: "ஒரு இன்னோவா வாங்குவது மாதிரிதானே மேடம், கொஞ்சம் பெரிய அளவில்? விலை சரியா என்று மட்டும் சொல்லுங்கள்."

அன்புள்ள வாசகருக்கு,

விலை கேட்கக்கூடிய விலைதான். அந்த வருஷத்து மஸ்டாங்குக்கு அதை ஒட்டித்தான் கேட்பார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் ஆறு பக்கத்தில் என்னை நிறுத்தியது விலை இல்லை. நான்காவது பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நண்பர்கள் எரிபொருள் காசு கொடுத்துவிட்டு எடுத்துப் போவார்கள் என்று, அந்த ஒரு வரி. உங்கள் திட்டத்திலேயே அதிக விலை உள்ள வரி அதுதான்.

நீங்களே இன்னோவாவை எடுத்துக்காட்டாகச் சொல்லிவிட்டதால் எனக்கு விளக்குவது சுலபம். சொந்த உபயோகத்துக்கு வாங்கினால் வெள்ளை போர்டு, வாடகைக்கு ஓட்டினால் மஞ்சள் போர்டு. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு விட்டால் ஆர்டிஓ பிடித்தால் அபராதம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். விமானத்திலும் இதே இரண்டு போர்டுகள்தான். வெள்ளை போர்டு என்பது தனியார் பிரிவு. மஞ்சள் போர்டு என்பது என்எஸ்ஓபி, அதாவது கால அட்டவணை இல்லாமல் வாடகைக்குப் பறக்க, விமானத்துறையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ தரும் பெர்மிட்.

தனியார் பிரிவு விமானத்தில் உங்களையும், உங்கள் கம்பெனி ஆட்களையும், உங்கள் வீட்டாரையும், காசு வாங்காமல் நண்பர்களையும் கூட்டிப் போகலாம். காசு கை மாறிய நிமிடம் அது வாடகை ஓட்டம். லாபம் இல்லை, எரிபொருள் காசு மட்டும்தான் என்பது பதிலாகாது. கைமாற்றாகக் கொடுத்தார், நூல் வாங்கிய கணக்கில் கழித்துக்கொண்டோம் என்றாலும் விசாரணைக்கு வருபவர்கள் அதைத்தான் முதலில் தோண்டுவார்கள். டிஜிசிஏ நடவடிக்கை ஒரு பக்கம். பாலிசியில் 'தனிப்பட்ட மற்றும் சொந்த வணிக உபயோகம்' என்று எழுதியிருக்கும். அந்தப் பயணத்தில் ஏதாவது ஆனால், உள்ளே இருந்த நண்பரின் குடும்பம் உங்கள் கம்பெனி மேல் வழக்குப் போடும்போது காப்பீட்டுக் கம்பெனி உங்கள் பக்கத்தில் நிற்காது.

போர்டை மாற்றினால் வரியும் மாறும்

இங்கேதான் தம்பியோடு உட்கார்ந்து கால்குலேட்டரை எடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிப்பட்ட உபயோகத்துக்கான விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதமும் மேலே 3 சதவீத செஸ்ஸும் இருந்தது. இறக்குமதியில் இது ஐஜிஎஸ்டி, அதாவது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி என்ற பெயரில் வரும். கம்பெனி வேலைக்குத்தானே, தனிப்பட்ட உபயோகம் எப்படி ஆகும் என்று உங்கள் ஆடிட்டர் வாதாடலாம். வாதாடட்டும். ஆனால் தனியார் பிரிவு என்றாலே சுங்கத்துறை 40 சதவீதம்தான் கேட்கும் என்று வைத்துக்கொண்டு பணத்தை ஒதுக்குங்கள். 19.5 கோடிக்கு அது 7.8 கோடி. வாடகைப் பிரிவுக்கு 5 சதவீதம், அதாவது ஒரு கோடிக்குக் கொஞ்சம் கீழே. சுங்கத்தின் மற்ற வரிகளை நான் இதில் சேர்க்கவில்லை.

அந்த 7.8 கோடியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். முடியாது. ஜிஎஸ்டி சட்டம் 17(5) பிரிவு விமானத்துக்கான உள்ளீட்டு வரியைத் தடுக்கிறது. விமானத்தை மறுபடி விற்பவர், பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச் செல்லும் தொழில் செய்பவர், விமானப் பயிற்சி தருபவர் ஆகியோருக்குத்தான் விலக்கு. பனியன் கம்பெனி முதலாளி ராஞ்சிக்குப் போய் வருவது இதில் எதிலும் வராது. ஆறுதலாக ஒன்று இருக்கிறது. வருமான வரிக் கணக்கில் விமானத்துக்குத் தேய்மானம் 40 சதவீதம் வரை உண்டு. அதிலும் குலதெய்வம் கோயிலுக்கும் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போன மணிநேரங்களின் பங்கு கழிக்கப்படும். அதோடு அந்தப் பயணங்கள் இயக்குநருக்குக் கொடுத்த சலுகையாக உங்கள் தனிப்பட்ட வரியில் ஏறலாம். ஒவ்வொரு பயணத்துக்கும் யார் போனார்கள், எதற்குப் போனார்கள் என்று அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதும் பழக்கம் இல்லாவிட்டால் இந்த வாதமெல்லாம் மூன்று வருஷம் கழித்து அதிகாரி முன்னால் நிற்காது.

அப்படியானால் மஞ்சள் போர்டே போட்டுவிடலாமே என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். ஏழு கோடிக்குப் பக்கத்தில் மிச்சமாகிறதே. ஆனால் அந்தச் சலுகை, விமானத்தை உண்மையிலேயே வாடகைத் தொழிலில் விடுகிறேன் என்று சுங்கத்துறைக்கு எழுதிக் கொடுத்து வாங்குவது. பெர்மிட்டை வாங்கி வைத்துக்கொண்டு முதலாளி மட்டும் பறந்தால் வரி, வட்டி, அபராதம் எல்லாம் திரும்பி வரும். 2007இல் வந்த சலுகையில் இறக்குமதியான விமானங்கள் மேல் போட்ட வழக்குகள் பத்து வருஷத்துக்கு மேல் தீர்ப்பாயத்தில் கிடந்தன. அதில் சிலர் ஜெயித்தார்கள், உண்மைதான். ஜெயிக்கிற வரைக்கும் அவர்கள் கட்டிய உத்தரவாதத் தொகையையும் வக்கீல் பீஸையும் யாரும் எழுதுவதில்லை. வக்கீலான நான் இதைச் சொல்லக்கூடாதுதான்.

மேலும் என்எஸ்ஓபி என்பது ஒரு தாளில்லை. பொறுப்பு மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, பராமரிப்பு நிர்வாகம், இயக்கக் கையேடு, விமானிகளின் பணிநேரக் கணக்கு, டிஜிசிஏ தணிக்கை என்று ஒரு சின்ன விமானக் கம்பெனியையே நடத்த வேண்டும். ஒரே ஒரு விமானத்துக்கு இதையெல்லாம் நீங்களே கட்டி எழுப்புவதில் அர்த்தம் இல்லை. ஏற்கெனவே பெர்மிட் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்திடம் விமானத்தை ஒப்படைத்து, அவர்கள் வாடகைக்கு ஓட்ட, உங்களுக்கு வேண்டும்போது நீங்களும் பில் கட்டிப் பறப்பது நடைமுறையில் இருக்கும் வழி. உங்கள் நண்பர்களும் அப்போது பில் கட்டிப் பறக்கலாம், யாரும் எதையும் மறைக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் மூன்றை விடாதீர்கள்: உங்களுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பில் முதலுரிமை, இன்ஜினுக்குச் சேதம் வந்தால் யார் செலவு, ஒப்பந்தம் முறிந்தால் விமானம் பறந்ததையும் பழுது பார்த்ததையும் எழுதி வைக்கும் லாக்புக்குகள் எத்தனை நாளில் உங்கள் கைக்கு வரும். மூன்றாவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். என் கட்சிக்காரர் ஒருவர் விமானத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார், லாக்புக்கைப் பெற எட்டு மாதம் ஆயிற்று. லாக்புக் இல்லாத விமானம் பத்திரம் இல்லாத நிலம் மாதிரி.

அமெரிக்கப் பதிவிலேயே வைத்துக்கொள்வது

அமெரிக்கப் பதிவு எண் என்-னில் தொடங்கும், நம்முடையது விடி-யில். வெளிநாட்டவர் அங்கே ஒரு டிரஸ்ட் மூலம் என் பதிவில் விமானம் வைத்துக்கொள்வது அந்த ஊர்ச் சட்டப்படி செல்லும். தரகர் சொன்னதில் உண்மை அவ்வளவுதான். அந்த விமானத்தைக் கோவையில் நிரந்தரமாக நிறுத்தி உள்ளூரில் ஓட்டினால் நம் சுங்கச் சட்டத்துக்கு அது இறக்குமதி. வரி கட்டாத இறக்குமதிக்கு 1962 சுங்கச் சட்டத்தில் என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும், ஏற்றுமதிக்காரர் நீங்கள். பறிமுதல் வரைக்கும் போகும். உங்கள் கம்பெனியின் ஏற்றுமதி இறக்குமதி உரிம எண்ணான ஐஇசியும் அதே கோப்பில் ஏறும். இருபது கோடி விமானத்துக்காகப் பனியன் வியாபாரத்தைப் பணயம் வைக்காதீர்கள்.

இந்தக் குறிப்பிட்ட விமானம் உங்களுக்குப் பொருந்துமா?

மஸ்டாங் நல்ல விமானம். 2006 முதல் 2017 வரை செய்தார்கள், இப்போது தயாரிப்பு இல்லை. ஆனால் செய்த கம்பெனி இருக்கிறது, உதிரி பாகம் கிடைக்கிறது. அது முக்கியம். எக்ளிப்ஸ் 500 என்று ஒரு குட்டி ஜெட் அதே 2006இல் சான்று பெற்று வந்தது. 2008 நவம்பரிலேயே கம்பெனி திவால் மனு போட்டுவிட்டது. வாங்கியவர்கள் திண்டாடிப்போனார்கள்.

ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் ஜெட் வேறு, இது வேறு என்று சந்தேகப்படுகிறேன். இதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 630 கிலோமீட்டர். நீங்கள் டிக்கெட் எடுத்துப் போகும் ஏர்பஸ் இதைவிட வேகமாகப் போகும். கோவையிலிருந்து மும்பை ஆயிரம் கிலோமீட்டர். நேர் விமானம் இருக்கும் அந்த வழியில் உங்களுக்கு மிச்சமாவது விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம் மட்டுமே. ராஞ்சி வேறு கதை. சுமார் 1,600 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையில் கிளம்பி, தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குத் திருப்பூர். உங்கள் ஆசைக்கு உண்மையான நியாயம் ராஞ்சி ஒன்றுதான், மும்பையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

துபாய் 2,800 கிலோமீட்டருக்குப் பக்கம். இந்த விமானத்தின் எட்டும் தூரம் நல்ல நிலையில் 2,100 கிலோமீட்டர்தான். நேராகப் போகாது. டெல்லியே 1,950 கிலோமீட்டர். எதிர்க்காற்று அடிக்கும் நாளில், ஆள் நிறைய இருந்தால், நடுவில் இறங்கி எரிபொருள் போட வேண்டியிருக்கும். ஏனென்றால் டேங்க் நிறைய ஊற்றினால் இரண்டு விமானிகளுக்கு மேல் இரண்டு பேரும் பைகளும் ஏற்றுவதற்குத்தான் எடை மிச்சம் இருக்கும். நாலு சீட் இருக்கிறது என்பதும் நாலு பேர் போகலாம் என்பதும் ஒன்றில்லை. இதை விற்பவர்கள் நாமாகக் கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று, சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். அம்மாவுக்கு 76 வயது, அவரை உட்கார வைத்துப் பறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். கேபினின் உயரம் 1.37 மீட்டர். குனிந்துதான் நுழைய வேண்டும், உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. கழிப்பறை என்று இருப்பது விமானிகளுக்குப் பின்னால் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொள்ளும் ஓர் அவசர ஏற்பாடு. அம்மா மூன்று மணி நேரம் அதற்குச் சம்மதிப்பாரா என்று வாங்கும் முன்னால் கேளுங்கள். ஒரு நாள் வாடகைக்கு இதே அளவு விமானம் ஒன்றை எடுத்து அம்மாவோடு ராஞ்சிக்குப் போய்வந்தால் ஒரே பயணத்தில் தெரிந்துவிடும்.

ஜெட் என்றே இருக்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். கிங் ஏர், பிசி-12 மாதிரி புரொப்பெல்லர் வைத்த டர்போபிராப் விமானங்கள் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டிப் போகும். ராஞ்சிக்கு நாற்பது நிமிஷம் போலக் கூடலாம். ஆனால் அதிக எடை தூக்கும், குட்டையான ரன்வேயில் இறங்கும். கிங் ஏர் நம் நாட்டில் பல மாநில அரசுகளிடமே இருக்கிறது; அதை அறிந்த விமானிகளும் மெக்கானிக்குகளும் கிடைப்பார்கள். புரொப்பெல்லர் சுற்றுவது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படியில்லை என்று நம்புகிறேன்.

தொழிற்சாலைப் பக்கத்திலேயே ஒரு ஓடுபாதை அமைக்கலாமா, பழைய ராணுவ ஓடுபாதைகளைப் பயன்படுத்தலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கயத்தாறு, உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு என்று இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதைகள் இருப்பது உண்மை. அவை இன்று ஜெட் இறங்கும் இடங்கள் இல்லை. ஜெட் இன்ஜின் ஒரு கூழாங்கல்லை விழுங்கினால் போதும், செலவு கோடியில் பேசும். கோவைதான் உங்கள் வீடு. அங்கே நிறுத்த இடமும், வெயிலுக்கும் மழைக்கும் ஹேங்கரும் கிடைக்குமா என்பதை விமானம் வாங்கிய பிறகு விசாரிக்காதீர்கள்.

2,900 மணி என்பது என்ன?

இதைத்தான் உங்கள் தரகர் குறைந்த ஓட்டம் என்று சொல்லியிருக்கிறார். மஸ்டாங்கின் பிராட் அண்ட் விட்னி இன்ஜின்களை 3,500 மணியில் முழுமையாகப் பிரித்துப் பார்த்து ஓவர்ஹால் செய்ய வேண்டும். 2,900 ஓடியது என்றால் மிச்சம் 600. வருஷத்துக்கு 200 மணி பறந்தால் மூன்றாம் வருஷம் இரண்டு இன்ஜினும் ஒரே நேரத்தில் கையை நீட்டும். பறந்த மணிக்கு இவ்வளவு என்று கட்டி வந்தால் ஓவர்ஹால் செலவை ஏற்கும் இன்ஜின் தயாரிப்பாளரின் மணிக்கணக்குத் திட்டத்தில் இந்த இன்ஜின்கள் இருக்கின்றனவா, பழைய ஓனர் தவணையை நிலுவையில்லாமல் கட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் கிட்டத்தட்டப் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இல்லாவிட்டால் நடுவில் சேர ஒரு பெரிய தொகை கேட்பார்கள், அதை விலையில் குறைக்க வேண்டும். நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத் தரகர் தாளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெயின்ட் பற்றி மட்டும் ஒரு பத்தி இருக்கிறது.

எரிபொருள்தான் பெரிய செலவு என்று நினைத்துத்தான் நண்பர்களின் காசை நம்பியிருக்கிறீர்கள். மணிக்கு 350 லிட்டர் போலக் குடிக்கும். தமிழ்நாட்டில் விமான எரிபொருளுக்கு வாட் 29 சதவீதம். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் மணிக்கு 35,000 ரூபாய். விமானம் பறந்தாலும் நின்றாலும் ஆகும் செலவுகள்தான் ஆளைச் சாய்க்கும்: இரண்டு விமானிகள் சம்பளம், அவர்களுக்கு வெளிநாட்டு சிமுலேட்டரில் பயிற்சி, காப்பீடு, ஹேங்கர், பராமரிப்பு நிர்வாகம், தேதி வைத்து வரும் பரிசோதனைகள், வழிகாட்டிக் கருவிகளின் தரவுச் சந்தா. அதனால் ஒரு வேலை செய்யுங்கள். போன வருஷத்து டைரியை எடுத்து, நேர் விமானம் இல்லாத ஊர்ப் பயணங்களை மட்டும் எண்ணுங்கள். மாதம் நாலு ராஞ்சிப் பயணம், போக வர ஆறு மணி என்றால் வருஷத்துக்கு 288 மணி. அதில் நீங்கள் நேரில் போயே ஆக வேண்டியவை எத்தனை என்று நேர்மையாகக் கழித்த பிறகு 200க்கு மேல் நின்றால் வாங்குவதைப் பற்றிப் பேசலாம். நூறு என்று வந்தால் வாடகைக்கு எடுப்பதுதான் மலிவு, சந்தேகமே இல்லை.

பணம் எப்போது, யாரிடம்?

தரகரின் சொந்தக் கணக்குக்கு ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது. இந்தத் தொழிலில் முறை இப்படி இருக்கும். முதலில் விருப்பக் கடிதம். பிறகு இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் பணத்தைப் பிடித்து வைத்திருக்கும் மூன்றாம் நபரான எஸ்க்ரோ முகவரிடம் திரும்பப் பெறக்கூடிய முன்பணம். அமெரிக்க விமானங்களின் பதிவேடு ஓக்லஹோமா சிட்டியில் இருப்பதால் எஸ்க்ரோ முகவர்களும் அங்கேயே வரிசையாக இருக்கிறார்கள். அப்புறம் விற்பனை ஒப்பந்தம், பரிசோதனை, நீங்கள் எழுத்தில் ஏற்றுக்கொண்டால் மட்டுமே முன்பணம் திரும்பப் பெற முடியாததாக மாறும். மீதிப் பணமும் உரிமைப் பத்திரமும் ஒரே நேரத்தில் கை மாறும். உங்கள் வங்கியோடு அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதிகளைப் பேசுங்கள். பெரிய இறக்குமதி முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் கேட்பார்கள், பத்து நாளில் முடிகிற காரியம் இல்லை.

பரிசோதனையை விற்பவர் வழக்கமாகப் பழுது பார்க்கும் பட்டறையில் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் போரோஸ்கோப் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். லாக்புக் முதல் பக்கத்திலிருந்து தொடர்ச்சியாக இருக்க வேண்டும். பழைய விபத்து, பழுது பதிவுகளை அமெரிக்க விமானத்துறையிடமிருந்தே வாங்கலாம். கடன் ஏதும் மீதி இருக்கிறதா என்பதையும் அந்தப் பதிவேட்டிலேயே பார்க்க வேண்டும். பெரிய விமானங்களின் மேல் உள்ள கடன்களைப் பதியும், கேப்டவுன் உடன்படிக்கையின் சர்வதேசப் பதிவேடு மஸ்டாங்குக்குப் பொருந்தாது. அதன் இருக்கைகளும் இன்ஜின் விசையும் அந்த வரம்புக்குக் கீழே இருக்கின்றன. சர்வதேசப் பதிவேட்டில் எதுவும் இல்லை என்று தரகர் ஒரு சான்று காட்டினால் அதற்கு மதிப்பு இல்லை.

இந்தப் பக்கத்தில் டிஜிசிஏயின் கொள்கை அளவு அனுமதியும் இறக்குமதிக்கான தடையில்லாச் சான்றும் முதலில் வர வேண்டும். 2012 என்பதால் வயது இப்போதைக்குத் தடையில்லை. அமெரிக்கப் பதிவு ரத்து, ஏற்றுமதிக்கான பறக்கும் தகுதிச் சான்று, இங்கே பதிவு, இங்கேயும் பறக்கும் தகுதிச் சான்று, ரேடியோவுக்குத் தொலைத்தொடர்புத் துறை உரிமம், அவசரகால பீக்கனைப் பெங்களூரில் இஸ்ரோவின் மையத்தில் பதிவது என்று வரிசை நீளும். ஒன்றை மறந்தால் மற்றது நிற்கும். 29,000 அடிக்கு மேலே பறக்க ஆர்விஎஸ்எம் என்ற அனுமதி தனியாக வேண்டும். அது வரும் வரை கீழேயே பறந்து எரிபொருளைக் கொட்ட வேண்டியதுதான். அந்த நிலையில் ராஞ்சி மறுபடி தூரமாகிவிடும்.

மகன், விமானி, 'இன்றைக்கு வேண்டாம்'

மகனின் ஆர்வம் எனக்குப் பிடித்திருக்கிறது. பிபிஎல்லோடு சொந்த விமானம் ஓட்டலாம், சம்பளம் வாங்கக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் 90 மணி நேரம் சின்ன விமானம் ஓட்டியவருக்கும் ஜெட்டுக்கும் நடுவில் வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அந்த ரக விமானத்துக்கென்றே வாங்க வேண்டிய டைப் ரேட்டிங், சில நூறு மணி அனுபவம் எல்லாம் இருக்கின்றன. மஸ்டாங்கை ஒரே விமானியே ஓட்டலாம் என்று சான்று உண்டு. நீங்கள் இரண்டு பேரை வையுங்கள். காப்பீட்டுக் கம்பெனியும் விமானியின் அனுபவ மணியைப் பாலிசியிலேயே நிபந்தனையாக எழுதும். மகன் பின்னாலிருந்து பார்த்துக் கற்கட்டும், அவசரம் என்ன?

இதைவிட முக்கியமானது, ஜூன் ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை ரன்வேயில் சுழன்று அடிக்கும்போதோ, டிசம்பர் காலையில் வடக்கே மூடுபனி இறங்கும்போதோ, உங்கள் விமானி "இன்றைக்கு வேண்டாம் சார்" என்பார். அன்றைக்கு ராஞ்சியில் வாங்குபவர் ஐரோப்பாவிலிருந்து வந்து உட்கார்ந்திருப்பார். நீங்கள் சம்பளம் கொடுக்கும் ஆள் உங்களைப் பார்த்து மறுக்கிறார். அந்த இடத்தில் முதலாளி முகம் சுளித்தாலே போதும், அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். 2001 செப்டம்பர் 30 அன்று மாதவராவ் சிந்தியா ஒரு கூட்டத்துக்காக டெல்லியிலிருந்து கான்பூருக்குக் கிளம்பிய சின்ன விமானம் மோசமான வானிலையில் மெயின்புரி அருகே விழுந்தது. உள்ளே இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். பறக்கலாமா வேண்டாமா என்பதில் விமானியின் சொல்லே முடிவு, அதற்காகச் சம்பளமோ வேலையோ பாதிக்கப்படாது என்று நியமனக் கடிதத்திலேயே எழுதுங்கள். என்னிடம் ஒப்பந்தம் போட்ட ஒரு முதலாளி இந்த வரியை அடிக்கச் சொன்னார். அவர் கோப்பை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தேர்தல் நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமானம் வந்துவிட்டால் இரண்டு பக்கத்துக் கட்சிக்காரர்களும் அன்பாகக் கேட்பார்கள். இனாமாகக் கொடுத்தால் அது கம்பெனி கட்சிக்குக் கொடுத்த நன்கொடை. கம்பெனிச் சட்டம் 182ஆவது பிரிவு அதற்கு இயக்குநர் குழுவின் தீர்மானமும் கணக்கும் கேட்கும், வங்கி வழியாகத்தான் கொடுக்கவும் சொல்லும். ஓசிப் பயணத்தை வங்கி வழியாக எப்படிக் கொடுப்பீர்கள்? பெர்மிட் நிறுவனத்திடம் விமானம் இருந்தால் "அவர்களிடம் பில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணா" என்று சொல்லித் தப்பிக்கலாம். இதற்காகவே அந்த வழியை நான் சிபாரிசு செய்வேன்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவர் கேட்டதாக நீங்களே எழுதியிருக்கும் கேள்வி, "நின்னா என்ன செலவு அண்ணா?" என்பது. ஆறு பக்கத்தில் சரியான கேள்வி அது ஒன்றுதான். பாதிப் பங்குக்காரர் அவர். அவர் சம்மதம் இல்லாமல் கம்பெனிப் பணத்தில் நீங்கள் அதிகம் பயன்படுத்தும் பொருளை வாங்கினால் நாளைக்குப் பங்குதாரர் தகராறில் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

தரகருக்கு இப்போதைக்கு இரண்டு வரியில் பதில் போடுங்கள்: முன்பணம் எஸ்க்ரோவில் மட்டும், அதற்கு முன்னால் லாக்புக் ஸ்கேன் முழுதும் வேண்டும். வேறு ஆள் வாங்கிவிடுவார் என்று மிரட்டினால் வாங்கட்டும், இந்த ரகத்தில் நானூறுக்கு மேல் செய்திருக்கிறார்கள். ஸ்கேன் வந்ததும் இரண்டு இன்ஜினுக்கும் கடைசியாக நடந்த, இன்ஜினின் சூடான உட்பகுதியைப் பார்க்கும் ஹாட் செக்‌ஷன் பரிசோதனைப் பக்கங்களை முதலில் எனக்கு அனுப்புங்கள். டைரிக் கணக்கைத் தம்பியிடம் போடச் சொல்லுங்கள்.